பாறசாலை எல்லையில் ஹலால் கேள்வி: மயக்கி அறுப்பதா, மயக்காமல் அறுப்பதா? மார்க்கமும் சட்டமும் சொல்வது என்ன?

நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லைக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வாங்கும் பிராய்லர் கோழி பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பண்ணையில் வளர்ந்தது. பல்லடம் பக்கம் வளர்ந்து, லாரி ஏறி, களியக்காவிளை தாண்டி, பாறசாலைக் கடையின் கூண்டுக்கு வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் காரணம் புரியும். தமிழ்நாட்டில் இருந்த கோழியினங்கள் சுமார் 12.08 கோடி. கேரளாவில் சுமார் 2.98 கோடி. நான்கில் ஒரு பங்குதான்.

முன்பு இந்த எல்லையில் கோழி என்றாலே வரிப் பேச்சுதான். ஜிஎஸ்டி வரும் முன் கேரளா கோழிக்கு 14.5 சதவீத வரி போட்டது. அதைத் தவிர்க்க ஊடுவழிகளில் வண்டிகள் போனது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 2017 ஜூலையில் அந்த வரி போனது. கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று அன்றைய கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் சொன்னதும் வியாபாரிகள் கடையடைத்ததும் அப்போதுதான்.

இப்போது கேள்வி மாறியிருக்கிறது. "இது ஹலாலா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஹலால் இல்லாத கோழி கிடைக்குமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். "மயக்காம அறுக்கறது கொடுமை இல்லையா?" என்பது மூன்றாமவர் கேள்வி. மூன்றுக்கும் பதில் தேடினால், நாம் வழக்கமாகப் போடும் சண்டை தவறான இடத்தில் நடக்கிறது என்பது தெரியவரும்.

இந்த விவாதம் எங்கிருந்து வந்தது?

2020 அக்டோபரில், ஹலால் அறுப்புக்கு எதிரான மனு ஒன்றை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யார் என்ன சாப்பிட வேண்டும் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது என்பதே நீதிபதிகளின் நிலை. 2021 நவம்பரில் கேரளாவில் ஹோட்டல்களின் ஹலால் போர்டுகளை எடுக்கச் சொல்லி அன்றைய மாநில பாஜக தலைமை கோரியது. 2022 மார்ச், ஏப்ரலில் கர்நாடகாவில் யுகாதியை ஒட்டி ஹலால் இறைச்சிப் புறக்கணிப்புப் பிரசாரம் நடந்தது. கையோடு, இறைச்சிக் கூடங்களில் மயக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அரசுத் துறையிலிருந்து கடிதம் போனது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேசம், ஏற்றுமதிக்கு விலக்கு அளித்துவிட்டு, ஹலால் சான்றிதழ் பெற்ற பொருள்களின் விற்பனைக்குத் தடை போட்டது.

ஒவ்வொரு முறையும் விவாதம் "ஒரு பக்கம் ஹலால், மறுபக்கம் நவீன முறை" என்றே அமைந்தது. இந்த இரண்டும் உண்மையிலேயே எதிரெதிரா?

மார்க்கம் கேட்பது என்ன?

குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தடுக்கும் பட்டியலில் தானாகச் செத்தது, ரத்தம், பன்றி, கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது ஆகியவை உண்டு. உயிர் போகும் முன் முறைப்படி அறுத்துவிட்டால் அது விலக்கு. ஹலால் விவாதம் முழுவதும் இந்தப் புள்ளியைச் சுற்றியே வருகிறது: கத்தி படும் நேரத்தில் பிராணிக்கு உயிர் இருக்க வேண்டும். அந்த வெட்டால்தான் அது சாக வேண்டும்.

மற்ற நிபந்தனைகளில் மத்ஹப்புகளுக்குள் வேறுபாடு உண்டு.

- ஷாஃபி மத்ஹபில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட வேண்டும். பக்கத்து ரத்தக்குழாய்கள் இரண்டும் அறுபடுவது சிறப்பு. ஹனஃபியில் இந்த நான்கில் மூன்று அறுபட்டால் போதும்.
- "பிஸ்மில்லாஹ்" சொல்வது ஷாஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். மறந்தால் இறைச்சி ஹராம் ஆகாது. ஹனஃபியில், மறந்தால் பிழையில்லை, வேண்டுமென்றே விட்டால் ஹராம்.
- கிப்லாவை நோக்கி வைப்பது விரும்பத்தக்கது. கட்டாயம் அல்ல.
- யூதர், கிறிஸ்தவர் அறுத்ததைக் குர்ஆன் அனுமதிக்கிறது. ஆனால் யாரை அந்த வகையில் சேர்ப்பது என்பதில் ஷாஃபி நூல்கள் கண்டிப்பானவை.

கேரள முஸ்லிம்களில் ஷாஃபிகளே அதிகம். தமிழ்நாட்டில் இரு மத்ஹபும் உண்டு. ஆகவே "ஹலால்னா இதுதான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

விவாதங்களில் பலரும் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. அறுத்தால் நல்ல முறையில் அறுக்க வேண்டும், கத்தியைக் கூராக்க வேண்டும், பிராணிக்குச் சிரமம் குறைக்க வேண்டும் என்ற நபிமொழி 'ஸஹீஹ் முஸ்லிம்' தொகுப்பில் இருக்கிறது. பிராணியின் கண்முன் கத்தி தீட்டக்கூடாது, ஒன்றின் முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது என்பவையும் மார்க்க நூல்கள் சொல்லும் ஒழுங்குகள். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பார்க்கும்போது தேவைப்படும்.

'நவீன முறை' என்றால் எது?

அறுக்கும் முன் பிராணியை உணர்விழக்கச் செய்வதுதான் நவீன முறையின் மையம். ஆங்கிலத்தில் 'ஸ்டன்னிங்'. இதில் மூன்று வகை முக்கியம்.

போல்ட் துப்பாக்கி: மாட்டின் நெற்றியில் வைத்து அழுத்தினால் இரும்புத் தண்டு மண்டையைத் தாக்கும். துளைக்கும் வகையும் உண்டு, துளைக்காத வகையும் உண்டு.

மின்சாரம்: ஆட்டுக்குத் தலையின் இரு பக்கமும் மின்முனை வைப்பார்கள். கோழியைக் காலால் தொங்கவிட்டு, தலையை மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள்.

வாயு: கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயு நிறைந்த அறைக்குள் அனுப்புவார்கள்.

இதில் 'திரும்பக்கூடிய மயக்கம்', 'திரும்பாத மயக்கம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதல் வகையில், அறுக்காமல் விட்டால் பிராணி எழுந்து நடக்கும். இரண்டாம் வகையில் மயக்கமே சாவாகிவிடலாம். மார்க்கத்துக்கும் இயந்திரத்துக்கும் மோதல் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான்.

அப்படின்னா மயக்கினால் ஹராமா?

இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் இதைப் பற்றித் தீர்மானம் போட்டது. மயக்காமல் அறுப்பதே மூல விதி என்று சொன்ன அந்தத் தீர்மானம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மயக்கி அறுத்ததையும் ஏற்றது. ஆட்டுக்கு 0.75 முதல் 1 ஆம்பியர், மாட்டுக்கு 2 முதல் 2.5 ஆம்பியர், 3 முதல் 6 வினாடி என்று அளவையே குறித்தது. துளைக்கும் போல்ட் துப்பாக்கியும் சம்மட்டி அடியும் கூடாது என்றது.

கோழி விஷயத்தில் அது இன்னும் கண்டிப்பு காட்டியது. மின்சாரத்தில் கணிசமான கோழிகள் அறுபடும் முன்பே செத்துவிடுகின்றன என்பது அனுபவம், ஆகவே கோழிக்கு மின்மயக்கம் கூடாது என்றது. "கரண்ட் வச்சா கோழி செத்துடுமே" என்று கடையில் கேட்கும் பேச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு தீர்மானமும் இருக்கிறது.

அந்தப் பயம் வெறும் பேச்சல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1099/2009 விதி, தண்ணீர்த் தொட்டி முறையில் ஒரு கோழிக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் குறைந்தது 100 மில்லி ஆம்பியர், 400 ஹெர்ட்ஸுக்கு மேல் 200 மில்லி ஆம்பியர், குறைந்தது 4 வினாடி என்கிறது. அதிர்வெண் குறைந்தால் இதயம் நின்றுபோகும் வாய்ப்பு கூடும். அதிர்வெண் கூடினால் கோழி பிழைக்கும், ஆனால் மயக்கம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். விலங்கு நலமும் மார்க்க நிபந்தனையும் இழுபடுவது இந்த எண்களுக்கு நடுவில்தான்.

நாடுகள் இதை வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. நியூசிலாந்தில் வணிகத்துக்காக அறுக்கும் பிராணிகளைப் பொதுவாக முதலில் மயக்க வேண்டும். அங்கிருந்து முஸ்லிம் நாடுகளுக்குப் போகும் ஹலால் ஆட்டிறைச்சி, தலையில் மட்டும் மின்சாரம் கொடுத்து, திரும்பக்கூடிய அளவில் மயக்கி அறுத்தது. மலேசியாவின் ஹலால் தரம் மயக்குவதை ஊக்குவிக்கவில்லை, நிபந்தனையோடு அனுமதிக்கிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி, மத அறுப்புக்கும் திரும்பக்கூடிய மயக்கம் கட்டாயம் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் அதை ஏற்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் அது மத உரிமை மீறல் ஆகாது என்றது.

எது வலி குறைவு?

1978-ல் ஜெர்மனியின் ஹனோவரில் வில்ஹெல்ம் ஷுல்ட்ஸே குழு செய்த ஆய்வு, கூரான கத்தியால் சரியாக அறுத்தால் வலிக்கான அடையாளம் மூளை அலையில் பெரிதாக இல்லை என்றது. ஹலால் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதைத்தான். அதில் ஒப்பிடப்பட்ட போல்ட் கருவி சரியாக வேலை செய்ததா என்ற விமர்சனமும் உண்டு. 2009-ல் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் கன்றுகளிடம் நடந்த ஆய்வு, கழுத்து வெட்டு வலிச் சமிக்ஞையை உண்டாக்குகிறது என்று காட்டியது. மயக்காமல் அறுத்த மாடு உணர்விழக்கச் சில சமயம் 2 நிமிடம் வரை ஆகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2004 அறிக்கை சொல்கிறது.

இன்றைய விலங்கு நல ஆய்வுகளின் எடை, சரியாகச் செய்த மயக்கத்தின் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'சரியாகச் செய்த' என்ற சொல் அங்கே முக்கியம். தவறி அடித்த போல்ட், மயக்கம் பிடிக்காமல் தொட்டியைத் தாண்டிப்போன கோழி ஆகியவை கூரான கத்தியைவிட மோசம்.

மறுபக்கம், "மயக்கினா ரத்தம் முழுசா வெளியேறாது" என்ற வாதத்துக்கும் ஆதாரம் பலவீனம். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆடு, மாடுகளை வைத்து நடந்த ஒப்பீட்டில், வெளியேறிய ரத்த அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைப் பார்க்க வேண்டும். பிரிவு 28, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் பிராணியைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றம் ஆகாது என்கிறது. பிரிவு 11, உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு தருகிறது, ஆனால் தேவையற்ற வலி கூடாது என்கிறது.

பிரிவு 28 முஸ்லிம்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. கேரளாவில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதை 1968 சட்டம் தடை செய்கிறது. அதை எதிர்த்த இந்து மனுதாரர்கள் 2020-ல் உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்ததும் இதே பிரிவு 28-ஐத்தான். தமிழ்நாடு தனது 1950 பலித் தடைச் சட்டத்தை 2004-ல் திரும்பப் பெற்றுவிட்டது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அனுமதி, அந்தப் பக்கம் தடை.

2001-ன் இறைச்சிக் கூட விதிகள் இன்னும் நுணுக்கமானவை. ஒரு பிராணியின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது. கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அறுப்புக்கு முன் ஓய்வு தர வேண்டும். மயக்குவதற்குத் தனி இடம் அமைக்க வேண்டும், மதமுறை அறுப்புக்கும் இடவசதி இருக்க வேண்டும். 2011-ன் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளும் மயக்கிய பின் அறுப்பதைப் பற்றிப் பேசுகின்றன.

முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன மார்க்க ஒழுங்குகளை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மயக்கம் என்ற ஒன்றைத் தவிர, மார்க்கமும் சட்டமும் கேட்பது ஏறக்குறைய ஒன்றே: உயிருள்ள, ஆரோக்கியமான பிராணி, கூரான கத்தி, மற்ற பிராணிகளின் பார்வையில் படாத இடம், முழு உயிரும் போகும் வரை காத்திருப்பு.

எல்லையில் எது நடைமுறை?

2001 விதி, ஒரு நாளைக்கு 10 அல்லது அதற்கு மேல் பிராணிகளை அறுக்கும் இடத்தையே இறைச்சிக் கூடம் என்கிறது. நகராட்சிப் பகுதியில் உரிமம் பெற்ற கூடத்தில் மட்டும்தான் அறுக்க வேண்டும் என்கிறது. நெய்யாற்றின்கரை நகராட்சி. பாறசாலை கிராம பஞ்சாயத்து. பஞ்சாயத்துகளுக்கு 1996-ன் கேரள இறைச்சிக் கூட விதிகள் தனியாக இருக்கின்றன. எல்லை தாண்டினால் களியக்காவிளை பேரூராட்சி, அங்கே தமிழ்நாட்டின் உள்ளாட்சி விதி. சில கிலோமீட்டருக்குள் மூன்று வகை நிர்வாகம்.

மாட்டுக்கு இது இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் 1958 சட்டப்படி, 10 வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்ற சான்று வேண்டும். 1976 அரசாணை பசு, கிடாரி அறுப்பையே தடுக்கிறது. கேரளாவில் மாநிலம் முழுவதற்குமான தடைச் சட்டம் கிடையாது.

கோழிக்கடைக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு விதிமுறையில், நாளொன்றுக்கு 50 கோழி வரை அறுக்கும் கடைக்குப் பதிவு போதும். 51 முதல் 1,000 வரை மாநில உரிமம் வேண்டும். அதற்கு மேல் மத்திய உரிமம். கோழி சராசரி 2 கிலோ என்று வைத்தால் 50 கோழி என்பது 100 கிலோ உயிர் எடை. ஞாயிற்றுக்கிழமை ஓரளவு ஓடும் கடை அதைச் சுலபமாகத் தாண்டும்.

இந்தக் கடைகளில் மின்தொட்டி கிடையாது, வாயு அறை கிடையாது. கடைக்காரர் முஸ்லிமாக இருந்தாலும், இந்துவாக இருந்தாலும், கிறிஸ்தவராக இருந்தாலும் கோழி மயக்கப்படுவதில்லை. "ஹலால் இல்லாத கோழி" என்று கேட்டு வாங்கினால் வாயில் பிஸ்மில்லாஹ் இல்லாத வெட்டு கிடைக்கும். வலி குறைந்த வெட்டு கிடைக்காது. கூண்டுக்குப் பக்கத்திலேயே அறுப்பது, வெட்டியதும் டிரம்முக்குள் போடுவது, துடிப்பு அடங்கும் முன் வெந்நீரில் முக்கி முடி பிடுங்கும் மெஷினில் போடுவது ஆகிய குறைகளுக்கு மதம் இல்லை. வேகமும் இடநெருக்கடியும்தான் காரணம்.

உயிர் போகும் முன் வெந்நீரில் முக்குவது சட்டத்தின் பார்வையில் தேவையற்ற வலி. மார்க்கத்தின் பார்வையில், தலைக்கு மேல் 'ஹலால்' போர்டு தொங்கினாலும், அது நபிமொழி கேட்கும் ஒழுங்குக்கு நேர் எதிர். பிரிவு 28 காப்பது மதம் *கோரும்* முறையை. எந்த மதமும் இந்த அவசரத்தைக் கோரவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் 13.7 சதவீதம், கன்னியாகுமரியில் 4.2 சதவீதம். கோழி வாங்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்கள்தான். கடை எப்படி அறுக்கிறது என்பது எல்லோருக்குமான கேள்வி.

பெரிய ஆலைக்குப் போனால் சரியாகிவிடுமா?

அங்கே வேறு கேள்விகள் எழும். நிமிடத்துக்கு 100 கோழி ஓடும் லைனில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 0.6 வினாடி. ஒருவர் ஒவ்வொரு கோழிக்கும் பிஸ்மி சொல்லிக் கையால் அறுக்க முடியாது. பலரை வரிசையில் நிறுத்த வேண்டும், அல்லது இயந்திரக் கத்தி வைக்க வேண்டும். இயந்திரத்தை இயக்கும்போது ஒருமுறை சொன்னால் போதுமா என்பதில் ஆலிம்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அடைத்த பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருந்தால், அது தனியார் சான்றளிப்பு அமைப்பு தருவது. அந்த அமைப்பு மின்மயக்கத்தை ஏற்கிறதா, இயந்திரக் கத்தியை ஏற்கிறதா என்பது முத்திரையைப் பார்த்துத் தெரியாது.

ஆலைகளுக்கு மட்டுமே சாத்தியமான கருவிகளைக் கட்டாயமாக்கினால் முதலில் மூடப்படுவது சிறு கடைகள்தான். 2023-ல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் நடந்த விசாரணை இதை வெளிப்படையாகக் காட்டியது. கோழியும் சட்டப்படி 'விலங்கு'தான் என்று மாநில அரசு சொன்னது. அப்படியானால் கடையில் அறுக்கலாமா, கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா என்று கடைக்காரர்கள் கேட்டார்கள்.

நடுவழி இருக்கிறது. கோழியைத் தலைகீழாக அடக்கிவைக்கும் கூம்பு, கூண்டுக்கும் அறுப்பிடத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு, தினமும் தீட்டிய கத்தி, வெட்டுக்கும் வெந்நீருக்கும் நடுவே போதிய நேரம். பிரிட்டன் விதியில், மயக்காமல் அறுத்த கோழியை 90 வினாடிக்கு அடுத்த வேலைக்கு எடுக்கக்கூடாது. இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. எந்த மத்ஹபும் இதைத் தடுக்காது.

நீங்கள் கடையில் கேட்கக்கூடியவை

1. உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமச் சான்று கடையில் மாட்டப்பட்டிருக்கிறதா? நாளொன்றுக்கு அறுக்கும் எண்ணிக்கைக்கு அது பொருந்துகிறதா?
2. அறுக்கும் இடம் கூண்டுக் கோழிகளின் பார்வையில் படுகிறதா?
3. கூம்பு இருக்கிறதா, டிரம் மட்டும்தானா?
4. துடிப்பு முழுதாக அடங்கிய பிறகுதான் வெந்நீரில் போடுகிறார்களா?
5. ஹலால் வேண்டுமென்றால்: அறுப்பவர் யார், கையாலா இயந்திரமா, மயக்குகிறார்களா?
6. ஹலால் வேண்டாமென்றால்: அது உங்கள் உரிமை. சீக்கியர்களுக்கு மத அடிப்படையிலேயே அந்த விலக்கு உண்டு. ஆனால் 2, 3, 4-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். கொடுமை குறைய வேண்டும் என்பதுதான் காரணமென்றால் அதற்கான பதில் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

பதில் திருப்தி தராவிட்டால் புகாரை உள்ளாட்சி அலுவலகத்திடமும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் கொடுக்கலாம். புகாரில் கடைக்காரரின் மதத்தை எழுதத் தேவையில்லை. கூண்டு எங்கே, கத்தி எப்படி, வெந்நீருக்கு முன் எத்தனை வினாடி என்று எழுதினால் போதும். விதியில் இருப்பவை அவைதான்.